மேல் தட்டில் பதினான்கு பாத்திரங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை காலை. நெய்வேலியில் எங்கள் பிளாக் சமுதாயக் கூடத்தில் ஒரு புகைப்படத்தை முதுகால் மறைத்தபடி நாற்பது நிமிடம் நின்றேன். எழுபத்துமூன்று வயதில் செய்கிற காரியமா இது என்று கேட்கலாம். காரணம் இருந்தது.

நான் சுரங்கத்தில் டைம் ஆபீஸில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். ஷிஃப்டுக்கு எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று எண்ணுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. மாத்திரை, படிக்கட்டு, கோயில் வாசலில் கிடக்கும் செருப்பு என்று எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பேன். இப்போது மகன் பெயரில் உள்ள குவார்ட்டர்ஸில் அவனோடு இருக்கிறேன். அவனுக்கு அனல்மின் நிலையத்தில் ஷிஃப்ட் வேலை, சாப்பாடு பெரும்பாலும் கேன்டீனில். இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அது தனிக் கவலை.

என் மனைவி இறந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் வரை வந்த சாப்பாட்டுப் பாத்திரங்களை என் தங்கை கழுவித் துடைத்து அந்தந்த வீட்டில் சேர்த்துவிட்டு ஊருக்குப் போனாள். அதற்குப் பிறகும் தெருவில் யாராவது ஏதாவது கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்துத் தெலுங்கு வீட்டிலிருந்து புளியோதரை, எதிர்வீட்டு மலையாள டீச்சர் வீட்டிலிருந்து அவியல், ரம்ஜான் மாதத்தில் மூலை வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி. ஒடிசாவிலிருந்து புதிதாக வந்திருந்த இளம் தம்பதி, எனக்குப் பெயர் தெரியாத ஒரு பால் இனிப்பு கொடுத்தார்கள்.

சாப்பிடுவதில் சிரமம் இல்லை. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதில்தான் சிக்கல். என் மனைவி யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பித் தந்ததில்லை. நாலு முறுக்கோ, ஒரு கிண்ணம் வத்தக்குழம்போ இருக்கும். எனக்குத் தெரிந்தது டீ போடுவது மட்டும். இரண்டு முறை உப்புமா முயன்றேன். இரண்டையும் காக்கைகூடத் தொடவில்லை. 'அடுத்த வாரம் ஏதாவது செய்து கொடுத்துவிடலாம்' என்று மேல் தட்டில் வைக்க ஆரம்பித்தேன். அப்படியே பதினான்கு சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் பெயர் வெட்டியிருந்தது, தமிழில், தெலுங்கில், மலையாளத்தில், ஆங்கிலத்தில். ஒன்றில் மட்டும் பெயருக்குப் பதிலாகச் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு.

நாளாக ஆக வெட்கம் கூடியது. பக்கத்து வீட்டம்மாவின் கண்ணில் படாமல் இருக்க, பால் பூத்துக்குப் பின்தெரு வழியாகப் போக ஆரம்பித்தேன். நேர்வழியில் இருநூற்றுப் பன்னிரண்டு அடி வைத்தால் பூத் வந்துவிடும். பின்தெரு வழியாக முந்நூற்று எழுபது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பிளாக்கில் புகைப்படக் குழு ஒன்று தொடங்கினார்கள். எட்டுப் பேர், இரண்டு கேமரா, மற்றதெல்லாம் செல்போன். குழுவை நடத்தியவர் ஒரு வங்கியில் வேலை பார்க்கும் பெண். அவருடைய யோசனை எனக்கும் பிடித்திருந்தது. எல்லா குவார்ட்டர்ஸுக்கும் ஒரே அளவு சமையலறை, ஒரே சிமென்ட் தட்டு. ஆனால் எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள். ஒரே தெருவின் இருபத்துநான்கு சமையலறைகளையும் ஒரே இடத்தில் நின்று படமெடுத்து வரிசையாக மாட்டினால், நெய்வேலி என்னவென்று தெரிந்துவிடும் என்றார்.

என் வீட்டுக்கு வந்தபோது முடியாது என்றேன்.

"இருபத்துமூணு வீடு எடுத்தாச்சு சார். உங்க வீடு மட்டும்தான் பாக்கி" என்றார்.

இருபத்துமூன்று என்ற எண்ணை என்னால் தாங்க முடியவில்லை. சரியென்று தலையாட்டினேன். மேல் தட்டை ஒரு துண்டால் மூடி வைத்தேன். ஆனால் அவருக்கு டீ போட நான் திரும்பிய நேரத்தில், காயப்போட்ட துண்டு என்று நினைத்து அதை எடுத்து மடித்து வைத்துவிட்டார். படமும் எடுத்து முடித்துவிட்டார். "இந்தப் படம் வேண்டாமே" என்று கெஞ்சினேன்.

"ஜன்னல் வெளிச்சம் நேரா பாத்திரத்துமேல விழுது சார். எடுத்ததுலயே இதுதான் நல்ல படம்" என்று காட்டினார். ஒவ்வொரு பெயரும் பளிச்சென்று தெரிந்தது. பாத்திரத் திருடன் என்று ஊரே பேசப்போகிறது என்று பதினொரு நாள் சரியாகத் தூங்கவில்லை.

அதனால்தான் கண்காட்சியன்று கூடம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் என் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டேன். கூட்டம் சேர்ந்தது. நான் நகரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவே வந்துவிட்டார்.

"அண்ணா, கொஞ்சம் நகருங்க. உங்க வீட்டை நாங்க பார்க்க வேண்டாமா?"

நகர்ந்தேன். அவர் படத்தருகே குனிந்தார்.

"ஐயோ, என் தூக்கு! இதைத் தொலைச்சேன்னு எங்க அத்தை ஒரு வருஷமா என்னைத் திட்டுறாங்க!"

அவ்வளவுதான், ஆளாளுக்குக் கிட்டே வந்து தங்கள் பாத்திரத்தைக் காட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். "வெறும் பாத்திரத்தை எப்படிக் கொடுக்கறதுன்னுதான்… எனக்குச் சமைக்கத் தெரியாதும்மா" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் இருப்பவர் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெண்மணி. கணவர் பல வருடம் கான்ட்ராக்டில் இருந்து பிறகு பெர்மனென்ட் ஆனவர். அந்த அம்மா இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தார்.

"ஒரு கை சக்கர போட்டுக் குடுத்தா முடிஞ்சிப் போச்சிங்க. இதுக்கா பால் வாங்க ஊரச் சுத்திகினு போனீங்க? அந்தம்மாகூட அவசரத்துக்குச் சக்கரதான் போட்டுக் குடுக்கும்!"

நாற்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவள். அவள் சர்க்கரை போட்டுக் கொடுத்தது எனக்குத் தெரியவில்லை, இந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்த மற்ற படங்களைப் பார்ப்பதுபோல் நகர்ந்தேன். ஒன்பதாவது படம் அந்தக் குறிஞ்சிப்பாடி அம்மாவின் சமையலறை. அடுப்புக்கு மேலே தட்டில் ஒரு எவர்சில்வர் தூக்கு. கைப்பிடி கொஞ்சம் வளைந்திருந்தது. அந்த வளைவு எனக்குத் தெரியும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனேன். என் இனிஷியலும் என் மனைவியின் பெயரும்.

மறுபடி முதல் படத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன். மலையாள டீச்சர் வீட்டில் அவள் சம்படம். தெலுங்கு வீட்டில் மூடியோடு ஒரு டப்பா. மூலை வீட்டில் மிளகாய்ப்பொடி போட்டு வைத்திருந்த கிண்ணம். இன்னொரு வீட்டில் ஒரு சின்னக் குண்டான். இருபத்துநான்கு படங்களில் ஐந்து என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன்.

"நான்தானே சார் எல்லாப் படத்தையும் எடுத்தேன். இதை நான் பார்க்கவே இல்லையே" என்றார் வங்கிப் பெண்.

குறிஞ்சிப்பாடி அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது.

"வத்தக்கொழம்பு குடுத்தனுப்பிச்சாங்க. அதுக்கு அடுத்த வாரமே இப்பிடி ஆயிப் போச்சி. வெறும் தூக்க எப்பிடிங்க கொண்டாந்து நீட்டறது? துக்க வூட்டுக்குச் சக்கர போட்டும் குடுக்கக் கூடாது. அப்புறம் நாளாயிப் போச்சி. உங்களப் பாக்கவே கூச்சமா இருந்துச்சி."

ஒன்றரை வருடமாக அவர்களும் என்னைப் போலவே தவித்திருக்கிறார்கள். இது என் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

மறுநாள் இரண்டு கிலோ சர்க்கரை வாங்கினேன். நேர்வழியாகவே நடந்து, வீடு வீடாகப் பதிமூன்று பாத்திரங்களைக் கொடுத்தேன். நகப்பூச்சுப் பொட்டு வைத்ததை மட்டும் யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. அது என்னிடமே இருக்கிறது. கொடுத்தவற்றில் மூன்று அந்த வாரமே நிரம்பித் திரும்பி வந்தன.

அந்த ஐந்தையும் எடுத்துத் தருவதாக எல்லோருமே சொன்னார்கள். வேண்டாம், புழங்குங்கள் என்றேன். எங்கள் தெருவில் ஐந்து வீடுகளில் தினமும் யாரோ ஒருவர் உப்போ மிளகாய்ப்பொடியோ எடுக்கும்போது அவள் பெயர்மீது விரல் படுகிறது என்ற நினைப்பு, தனியாக டீ போட்டுக் குடிக்கிற ஒவ்வொரு காலையிலும் எனக்குத் துணையாக இருக்கிறது.