கட்டில் காலி செய்தவள்

பெனினா நர்ஸ் படிப்புக்குப் போனது நோயாளிகள்மேல் இரக்கப்பட்டு அல்ல. மாதலேனாவின் முகத்தில் கரி பூசவேண்டும் என்றுதான் போனாள். ஆபியா என்ற அந்தத் தீவுப் பட்டணத்தில் அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள் இன்றைக்கு அவளைப் பற்றி உருகி உருகிப் பேசும்போது இதை மட்டும் நைசாக விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. அவள் செய்த நல்லது அத்தனையும் அந்தக் கோபத்தில் விளைந்ததுதான்.

மாதலேனா அங்கே மனநல வார்டின் தலைமை நர்ஸ். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. அவள் வார்டில் விரிப்புகள் வெள்ளை வெளேரென்று இருக்கும், யாரும் பட்டினி கிடந்ததில்லை, காலையில் தோத்திரப் பாட்டு உண்டு. ஆனால் ஒரு நோயாளி குணமாகி வாசலைத் தாண்டிவிட்டால் அவன் அவளைப் பொறுத்தவரை செத்தவன். திரும்ப முற்றி வரும்போதுதான் உயிர்த்தெழுவான். புயல் வரும், வந்தால் பறந்த தகரத்தைப் பொறுக்கி வந்து கூரையில் அடிக்கவேண்டியதுதான், அதற்கு முன்னால் என்ன செய்ய முடியும் என்பது அவள் எண்ணம். அவளுக்குக் கீழிருந்த நர்ஸ்களும் அதையே வேதமாக வைத்திருந்தார்கள். சுகமான எண்ணம் அல்லவா, யாரும் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க வேண்டாம்.

பெனினாவின் அண்ணன் இயோபு அந்த வார்டுக்கு முதல்முறை போய்த் திரும்பியபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டு, சாந்தமாக, கையில் ஒரு மாத்திரைப் பொட்டலத்தோடு வந்தான். பொட்டலம் தீர்ந்தது. ஆள்தான் நன்றாக இருக்கிறானே, இனி எதற்கு என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பாதிரியார்கூட அவன் பூரண சுகம் அடைந்ததற்கு ஞாயிற்றுக்கிழமை நன்றி ஜெபம் செய்தார். எதைக் கவனிக்க வேண்டும், எப்போது பயப்பட வேண்டும் என்று வார்டில் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. பிறகு அவன் தூங்காமல் சட்டைகளைத் துவைக்க ஆரம்பித்தான். காய்ந்த சட்டையை மறுபடி நனைத்தான். மகன் சுத்தக்காரனாகிவிட்டான் என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பெனினாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை, ஏனென்றால் அவன் சோப்பைப் பார்த்துச் சிரித்தான்.

யாரிடமும் சொல்லாமல் மலை தாண்டி பஸ் பிடித்து வார்டுக்குப் போனாள். மாதலேனா சீமைப்பலாவும் டின் மாட்டிறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், எங்க அண்ணன் இயோபுக்கு மறுபடி ஒரு மாதிரியா இருக்கு. தூங்கறதே இல்ல. சும்மா சும்மா சிரிக்கறான்."

"யாரையாவது அடிச்சானா?"

"இல்ல."

"எதையாவது உடைக்கறானா?"

"இல்ல சிஸ்டர், துவைச்சிக்கிட்டே இருக்கான்."

பக்கத்தில் இருந்த நர்ஸ்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எங்க வீட்டுக்கு அனுப்பேன், மூட்டை மூட்டையா கிடக்கு" என்றாள் ஒருத்தி.

மாதலேனா கையைத் துடைத்துக்கொண்டாள். "இங்க பாரு பொண்ணே, உடைக்கட்டும். அப்புறம் கூட்டிட்டு வா. சிரிக்கறவனுக்கெல்லாம் கட்டில் போட்டா ஊரே இங்கதான் படுக்கணும்."

அந்த வாரமே நடந்தது. சாயங்கால ஜெபத்துக்குச் சங்கு ஊதிவிட்டால் ஊரில் யாரும் சாலையில் நடக்கக்கூடாது. இளவட்டங்கள் தடியோடு ஓரத்தில் காவல் நிற்பார்கள். இயோபு ஈரச்சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடுச்சாலையில் பாடிக்கொண்டே வந்தான். அதட்டினார்கள், உரக்கப் பாடினான். ஊரே ஜெபத்தில் இருக்கும்போது கேலி செய்கிறான் என்று எவனோ ஒருவன் கல்லெடுத்தான். இயோபுவின் இடது கண் போயிற்று.

கல் விட்டவனின் குடும்பம் மறுநாள் விடியும்போதே இஃபோங்கா என்கிற மன்னிப்புச் சடங்குக்கு வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் வைத்திருந்த மெல்லிய பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு இவர்கள் வீட்டுக்கு முன்னால் புல்லில் குனிந்து உட்கார்ந்தார்கள். வெட்டினால் வெட்டிக்கொள், மன்னித்தால் பாயை எடு என்பதுதான் அதற்கு அர்த்தம். குடும்பத் தலைவரான தாய்மாமன் லாஃபி போய்ப் பாயை எடுத்தார். அழுதார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், அந்தக் கணக்கு அதோடு தீர்ந்தது. பெனினாவுக்கு அவர்கள்மேல் இன்றுவரை கோபமில்லை. வந்தார்கள் அல்லவா?

மாதலேனா வரவில்லை. கண்ணில் கட்டுப்போட்டு, மணிக்கட்டுகளைச் சேர்த்துக் கட்டி, இயோபுவை வார்டு வேனில் கொண்டுபோய் இறக்கியபோது, "பாத்தியா, நான் சொல்லல? வந்துட்டான்" என்றாள், ஏதோ ஆரூடம் பலித்த மாதிரி. பெனினா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கையில் கத்தி இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. கத்தி இல்லாததால் நர்ஸாகப் போனாள்.

படித்து முடித்து அதே வார்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். மாதலேனாவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அதுவே பெனினாவுக்கு இன்னும் எரிந்தது. வேலையில் குறை சொல்ல இடம் வைக்கவில்லை. ஆனால் ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போதெல்லாம், அவன் குடும்பத்தை வேப்பிலை அடிக்காத குறையாக உட்காரவைத்துக் குடைந்து எடுத்தாள். "போன தடவை முத்தறதுக்கு முன்னால என்ன பண்ணான்? யோசிங்க. அதுக்கும் முன்னால?" ஒருவன் செவ்வாய்க்கிழமையே ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போடும் வெள்ளையை உடுத்திக்கொண்டானாம். ஒரு கிழவி கோகோவில் சர்க்கரை போட மறந்தாளாம். ஒரு மீன்காரன் மீனுக்குக் காசு வாங்குவதை நிறுத்தினானாம். அவரவருக்கு ஒரு அறிகுறி உண்டு, அதைக் கண்டால் அன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். விடுமுறை நாளில் பஸ் ஏறி வீடு வீடாகப் போனாள்.

"வந்துட்டாங்கப்பா மிஷனரியம்மா" என்று மற்ற நர்ஸ்கள் கிண்டலடித்தார்கள். "வாசலுக்கு வெளிய நடக்கறதெல்லாம் நம்ம வேலையா? மேல இருக்கறவர் பாத்துப்பார்."

"மேல இருக்கறவருக்கு பஸ் ரூட் தெரியாது" என்றாள் பெனினா.

மாதலேனா முதலில் சிரித்தாள். "விழறவன் விழத்தான் செய்வான் பெனினா. இருபது வருஷமா பாக்கறேன். நீ என்ன குறுக்க படுத்துத் தடுக்கப் போறியா?" அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கமாக வந்துகொண்டிருந்த முகங்கள் வரவில்லை. வெள்ளை விரிப்பு கசங்காமல் கட்டில்கள் கிடந்தன. மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்து, இதை யார் செய்தது என்று எல்லார் முன்னாலும் கேட்டார். மாதலேனா ஒரு விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். ஒவ்வொரு காலிக் கட்டிலையும் பெனினா அவள் கன்னத்தில் விட்ட அறையாகத்தான் எண்ணிக்கொண்டாள். ஆனாலும் போதவில்லை. அந்தப் பொம்பளை கெஞ்ச வேண்டும், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது.

அதற்கும் நேரம் வந்தது. மாதலேனாவின் மகன் தவீதா பஸ் ஓட்டினான். பெனினா வீடுகளுக்குப் போவது பெரும்பாலும் அவன் பஸ்ஸில்தான். பாட்டு அதிர அதிர, உட்கார இடமில்லாதவர்கள் இன்னொருவர் மடியில் உட்கார்ந்து போகிற பஸ். ஒருநாள் அதில் பாட்டு இல்லை. அடுத்த நாளும் இல்லை. பையன் திருந்திவிட்டான், பக்தி வந்துவிட்டது என்று கிழவிகள் மெச்சினார்கள். பெனினா கண்ணாடியில் அவன் கண்ணைப் பார்த்தாள். யாரோ பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கிற கண். நியூசிலாந்தில் வேலை பார்த்தபோது ஒருமுறை அவனுக்கு முற்றி, அம்மா போய்க் கூட்டிவந்து ஊருக்குத் தெரியாமல் மறைத்தாள் என்று அரசல்புரசலாகக் கேள்விப்பட்டிருந்தாள். வாயைத் திறக்காமல் இறங்கிப் போனாள். அம்மாக்காரி தானாக வரட்டும் என்று காத்திருந்தாள்.

வந்தாள். மருந்து அறையில் கதவைச் சாத்திவிட்டு மாதலேனா கையைப் பிசைந்தாள்.

"பெனினா, என் பையன்... சரியா தூங்க மாட்டேங்கறான். நான் சொன்னா கேக்கல. நீ ஒரு நடை வந்து பாக்கறியா?"

பெனினா ஊசி எடுத்துவைப்பதை நிறுத்தவில்லை. "உடைக்கறானா சிஸ்டர்?"

"என்ன?"

"எதையாவது உடைக்கறானான்னு கேட்டேன். இல்லையா? அப்ப உடைக்கட்டும். அப்புறம் கூட்டிட்டு வாங்க. நம்மகிட்டதான் கட்டில் காலியா கிடக்கே."

மாதலேனா அவளை உற்றுப் பார்த்தாள். அப்போதுதான் முகம் பிடிபட்டது. "நீ... அந்த துவைக்கற பையனோட தங்கச்சியா?"

"அவனுக்கு இயோபுன்னு பேரு இருக்கு."

கிழவி கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். பெனினா அன்றைக்கு வீட்டுக்குப் போய், தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையை மறுபடி வாங்கிச் சாப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் அப்படி ருசித்ததில்லை.

காலையில்தான் உறைத்தது. தவீதா விழுந்தால் என்ன ஆகும்? விழறவன் விழத்தான் செய்வான் என்று மாதலேனா சொல்லிவந்தது நிஜமாகிவிடும். பெனினா கண்ணெதிரே ஒருவன் சரிந்தான், அவளாலும் முடியவில்லை என்று வார்டு முழுக்கப் பேசும். பெற்ற பிள்ளை விழுந்தும் ஜெயிப்பது அந்தக் கிழவியின் வாய்தான். அதை விட்டுக்கொடுக்க முடியாது. தவீதாமேல் அவளுக்குப் பாசமும் இல்லை பகையும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு அவன் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

"பாட்டு எங்கப்பா?"

"போட்டா அவங்க பேசறது கேக்கல."

"யாரு?"

தவீதா கடல் பக்கம் தாடையால் காட்டினான்.

"மாத்திரை சாப்பிடறியா?"

"அம்மா வார்டுலேர்ந்து எடுத்துட்டு வந்து கோகோவில கலக்குது. கண்டுபிடிச்சுட்டேன். இப்ப வீட்ல தண்ணிகூட குடிக்கறதில்ல."

பெனினாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இருபது வருஷ அனுபவம் செய்கிற வேலையைப் பார்! "நான் எதையும் ஒளிச்சுத் தரமாட்டேன்" என்றாள். "உன் கண்ணு முன்னால என்ன மருந்து, எதுக்குன்னு டாக்டர் சொல்லுவார். வேணாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லு. ஆனா அதுவரைக்கும் சாவியை உன் முதலாளிகிட்ட குடுத்துடு. பஸ்ல குழந்தைங்க வருது."

அவன் திட்டினான். மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாள் அவனே சாவியைக் கொடுத்துவிட்டு, டாக்டர் அறை வாசலில் வந்து உட்கார்ந்தான். மாதம் ஒரு ஊசி என்று முடிவாயிற்று. சில வாரங்கள் கழித்து அந்தப் பஸ் காதைப் பிளக்கும் பாட்டோடு கடற்கரைச் சாலையில் போனபோது, வார்டுக்குள் இருந்த மாதலேனாவின் காதிலும் அது விழுந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, பெனினா வீட்டு முன்புல்லில் ஒரு பாய் குனிந்து உட்கார்ந்திருந்தது. பின்னால் மாதலேனாவின் தம்பியும் மகளும் தலைகுனிந்து இருந்தார்கள். கதவு வைக்காத வீடுகள், எல்லா வீட்டிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். லாஃபி மாமா எழுந்தார்.

"உக்காருங்க மாமா" என்றாள் பெனினா.

"என்னடி இது? வயசானவ. வெயில் ஏறுது."

"ஏறட்டும்."

"ஊர் என்ன சொல்லும்?"

"அவன் கண்ணு போனப்ப இந்த ஊர் ஜெபம்தான பண்ணிச்சு. இப்பவும் பண்ணட்டும்."

பெனினாவின் முகத்தைப் பார்த்து மாமா உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது. பாய்க்குள்ளிருந்து இருமல் வந்தது. பெனினா தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், வயிறு குளிரக் குளிரப் பார்த்தாள். இருட்டும்வரை அப்படியே விட்டுவிட்டு, மன்னிக்காமலே அனுப்புவதாகத் தீர்மானித்திருந்தாள்.

இயோபுவை அவள் கணக்கில் எடுக்கவில்லை. தோட்டத்திலிருந்து சேப்பங்கிழங்குச் சுமையோடு வந்தவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. வெயிலில் ஒரு ஆள் போர்த்திக்கொண்டு கிடக்கிறாள் என்று மட்டும் அந்த ஒற்றைக் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுமையை இறக்கிவிட்டுப் பாயை விலக்கினான். மாதலேனாவின் முகத்தைப் பார்த்தான்.

உள்ளே போனான். தலையணையையும் இரண்டு சட்டைகளையும் துண்டில் மூட்டையாகக் கட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றான். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டினான்.

"நானே வர்றேன் சிஸ்டர். இந்தத் தடவை கட்ட வேணாம்."

மாதலேனா மார்பில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுது புல்லில் சாய்ந்தாள். பெனினா இத்தனை வருஷம் காத்திருந்தது இந்த அழுகைக்குத்தான். அது காதில் விழுந்தபோது அவள் பார்த்தது அந்தக் கிழவியை அல்ல, அண்ணனின் நீட்டிய கைகளை.

இறங்கி வந்து மாதலேனாவின் தோளைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தாள்.

"எங்கிட்ட அழுவாதீங்க. அவன்கிட்ட சொல்லுங்க."

"உன்னைக் கூட்டிட்டுப் போக வரலப்பா" என்றாள் மாதலேனா. "மன்னிப்புக் கேக்க வந்தேன். உங்கிட்ட."

இயோபு மரியாதையாகத் தலையசைத்தான். ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. வார்டு வேன் நிழலில் நின்றுகொண்டிருக்கிறதா என்று சாலையைப் பார்த்தான்.

"அவன் அந்த மூட்டையை இறக்கி வைக்கற வரைக்கும் நீங்க இங்கேர்ந்து போகக்கூடாது சிஸ்டர்" என்றாள் பெனினா. "இன்னிக்கு முடியலன்னா நாளைக்கு வாங்க. நாளன்னிக்கும் வாங்க."

மாதலேனா அவனை வீட்டுத் தரையில் உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பெனினா இருவருக்கும் கோகோ கொண்டுவந்து வைத்தாள். இயோபு ஒரு கையால் கோப்பையை எடுத்தான். மறுகை மூட்டையை விடவில்லை.

"வேன் எப்ப வரும் சிஸ்டர்?" என்றான்.