ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கை

எண்பதுகளில் ஒருநாள், மலேசியாவின் ஈப்போ டவுனிலிருந்து எங்கள் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில், முன்பின் தெரியாத ஒருவர் என் முன் சீட்டில் இருந்தார். தடித்த கண்ணாடி, ஒரு பக்கம் மட்டும் நனைந்த சட்டை. அடிக்கடி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, “இன்னும் பெய்யுது” என்பார். ஏதோ ஆபீசில் கம்ப்யூட்டர் வேலையாம்.

“அக்கா, எங்க கம்ப்யூட்டர் கோலாலம்பூர் கம்ப்யூட்டரோட டெலிபோன் கம்பியில பேசும். தோட்டத்துக்கு ஒண்ணு வச்சு, பக்கத்துல ஆட்டக் கட்டிப்போட்டா, மழைக்குக் கத்தும். உடனே சேதி போயிரும்லா!”

“பசிச்சாலும் கத்துமே” என்றேன் மெல்ல.

“அதுக்குத்தான் ரெண்டு ஆடு!”

முந்தானையால் வாயை மூடிச் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை; கூடவே வீட்டு நினைப்பும் வந்தது. நடக்க முடியாத என் வீட்டுக்காரர் ஆற்றோர லயத்து வரிசை வீட்டில் தனியாகப் படுத்திருந்தார். பெருமழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும்.

“எங்க தோட்டத்துல இப்ப பெய்யுதான்னு அது சொல்லுமா தம்பி?” என்று கேட்டுவிட்டேன். வீட்டு நிலைமையையும் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. “அங்க யாராச்சும் பாத்துச் சொன்னாத்தான் அதுக்குத் தெரியும், அக்கா.”

சற்று நேரத்தில் கண்டக்டர் கத்தினார். “அண்ணே, ஒங்க ஸ்டாப் போவுதுலா!”

“போவட்டும். மழை எது வரைக்கும்னு பாத்துட்டு வாரேன்.”

என் ஸ்டாப்பில் அவரும் இறங்கினார். வானம் கறுத்திருந்தது. கையை நீட்டிப் பார்த்தார்.

“இங்க இன்னும் பெய்யல. ஓடுங்க அக்கா!”

ஓடினேன். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து என்னவரை மேட்டு லயத்துக்குத் தூக்கிப் போவதற்குள் மழை கொட்டியது. சாயங்காலம் எங்கள் வீட்டில் முழங்கால் தண்ணீர்.

அந்த ஸ்டாப்புக்குக் கூரை கிடையாது. திரும்பும் பஸ் வரும்வரை அவர் எவ்வளவு நனைந்தாரோ, பார்த்துச் சொல்ல அங்கே யாருமில்லை.