போன் எடுக்க ஓர் ஆள்

இப்போது உலகத்திலேயே இல்லாத கார்களை ஒரு காலத்தில் கல்கத்தாவில் விற்ற ஷோரூம்களைப் பற்றிப் புத்தகம் எழுத, அவற்றின் வரலாற்றைத் தேடி அலைகிறேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவனுக்கு இது எதற்கு என்று கேட்டுவிடுவார்களோ என்று, யார் வீட்டு மணியை அழுத்தும் முன்பும் சட்டையை ஒருமுறை சரிசெய்துகொள்வேன். உண்மையில் நான் தேடியது அப்பாவின் முகத்தை. அப்படி ஒரு ஷோரூமில் டைப்பிஸ்டாக இருந்தவர், நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துபோய்விட்டார். வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை.

அங்கே மேனேஜராக இருந்த தமிழர் கல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் மகன் வீட்டில் இருக்கிறார். விஸ்வகர்மா பூஜையன்று கார்களுக்கு மாலை போட்டு, ஊழியர்கள் எல்லோரும் நின்று எடுத்துக்கொண்ட படங்களை மேஜையில் பரப்பினார். வருஷத்துக்கு ஒன்று. எல்லாவற்றிலும் நடுவில் அவர்.

“இதுல அப்பா யாரு சார்?”

“உங்கப்பனா? எல்லாரும் வெளியில வந்து நின்னா உள்ள போன் யாருடா எடுக்கறது? நான்தான் அவனை உக்கார வெச்சேன்.”

“ஒரு வருஷம்கூட கூப்பிடலையா?”

“புதுக் காருக்குப் பக்கத்துல நிறுத்தற மூஞ்சியா அது!” என்று இருமல் வரும்வரை சிரித்தார்.

“எப்படி சார் இருக்கும், அந்த மூஞ்சி?”

“அதெல்லாம் யாருக்குடா ஞாபகம் இருக்கு? அதை விடு. புஸ்தகத்துல என் படத்தைப் பெரிசா போடுவேல்ல?”

பின்னால் ஷோரூம் கண்ணாடிக்குள் போன் பக்கத்தில் யாராவது தெரிகிறார்களா என்று நான் பார்ப்பதற்குள் படங்களைத் திரும்ப எடுத்து வைத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

“முதல் பக்கத்துலயே போடறேன் சார்” என்றேன்.