தகுதி மிஞ்சிய ஆட்டக்காரன்

பட்டியலில் உள்ள ஆட்டக்காரரை நீக்குவதானால், ஏழு நாளுக்கு முன்பே காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எங்கள் தோட்ட விளையாட்டுக் குழுவின் மூன்றாம் விதி இது. அதைத் தட்டச்சு செய்தவனே நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஆயர் ஈத்தாம் பக்கத்து ரப்பர் தோட்ட அலுவலகத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது இளைய எழுத்தர். சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன். அன்றைய கைப்பந்து ஒன்பது பேர் ஆட்டம்; அணியில் மற்ற எட்டுப் பேரும் பால்மரம் வெட்டுகிறவர்கள். வலையருகே என் உயரத்துக்கு எழும்ப அவர்களில் யாராலும் முடியாது. தற்பெருமை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

சிக்கல் வேறு. கிராணி வந்தால் பாதையோரம் ஒதுங்கி நிற்பது தோட்டத்து வழக்கம். அவர்களுடைய கால்கள் அதை மைதானத்திலும் மறக்கவில்லை. பந்து எங்களுக்கு நடுவில் வந்தால் ஒதுங்குவார்கள். நானும் அவர்கள் எடுப்பார்கள் என்று நிற்பேன். பந்து தரையில் கிடக்கும்.

ஒரு மாலை அணித்தலைவரிடம் சொன்னேன். "கோட்டுக்குள்ள நான் கிராணி இல்ல. ஒதுங்காதீங்க, கத்துங்க."

"எப்படிங்கய்யா கத்துறது? காலையில பெரட்டுல வரிசையா நிக்க வச்சுப் பேர் கூப்பிடுறது நீங்கதானே."

"காலையில மரியாதையா நில்லுங்க. இப்பக் கத்துங்க."

நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது: "டேய் கிராணி, விட்ரா, என்னுது!" விட்டேன். அவர் அடித்த பந்தை எதிர்ப்பக்கம் யாரும் தொடவில்லை. மைதானமே சிரித்தது, நானும்தான்.

சிரிக்காதவர் ஒருவர், வேலியோரம் நின்ற பெரிய கிராணி. குழுவின் செயலாளரும் அவரே. மறுநாள் அணித்தலைவரை அலுவலகத்துக்கு அழைத்து என்னிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். வேண்டாம் என்றேன், என்னை யார் கேட்டது?

"வெட்டுக்காரன்கிட்ட டேய்னு வாங்கிக்கவா கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணினே, தம்பி?" என்றார்.

"கேம்பிரிட்ஜ்ல பந்து எடுக்கச் சொல்லித் தரலீங்க."

புதன்கிழமை ஒட்டிய பட்டியலில் என் பெயர் இல்லை. ஞாயிறு பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம். எட்டு மாதம் அதற்காகத்தான் குதித்திருந்தேன்.

மூன்றாம் விதியைக் குறிப்பிட்டு, காரணம் கேட்டு, அன்றே பெரிய கிராணிக்கு விண்ணப்பம் எழுதினேன். இரண்டு படிகள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து, எல்லாம் முறைப்படி. என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நடுவே நான்கு அடி. ஞாயிறு வரை எந்தப் பதிலும் அதைக் கடக்கவில்லை.

தேய்த்த கால்சட்டையோடு கயிற்றுக்கு வெளியே நின்று ஆட்டம் பார்த்தேன். எனக்குப் பதிலாக ஆடியவருக்கு வலை எட்டவில்லை. தோற்றோம். வெளியே வந்த அணித்தலைவர் என்னைக் கண்டதும் பாதையோரம் ஒதுங்கி நின்றார். பெரிய கிராணியின் மேல் எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதற்காகத்தான்.

பிறகு பதில் வந்தது. 'தங்கள் கல்வித் தகுதி அணியின் தேவைக்கு மேற்பட்டது. சக ஆட்டக்காரர்களுடன் பேசிப் பழகும் திறனும் போதவில்லை.' பேசிப் பழகியதற்காக ஒருவரை மன்னிப்புக் கேட்க வைத்த அதே கை எழுதியது. கடிதத்தில் இட்டிருந்த தேதி ஆட்டத்துக்குச் சரியாக எட்டு நாள் முந்தியது. நான் விண்ணப்பம் எழுதுவதற்கும் முந்தியது. விதி காப்பாற்றப்பட்டது. என் கைக்கு அது வந்தது மறுமாதம் ஒன்பதாம் தேதி.