மூன்றாம் தரக் கருவாடு

விடுதலை, விடுதலை என்று ஒருவர் மேடையில் முழங்கும்போது, அவர் எதை விற்று அந்த மேடைக்கு வந்தார் என்று நீங்கள் கேட்டதுண்டா?

எல்கானா ப்ரூயிட்டை யாரும் கேட்கவில்லை. மாசசூசெட்ஸ் கடற்கரையில் காட் என்ற கடல்மீனைக் காயவைத்து விற்றவர் அவர். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே தரம் பிரிப்பார். முதல் தரம் ஸ்பெயினுக்கு, இரண்டாவது ஊர்க்காரர்களுக்கு. வெடித்ததும் ஈ மொய்த்ததும் மூன்றாம் தரம். அது தெற்கே கடலில் கரும்பு விளையும் தீவுகளுக்குப் போகும், அங்குள்ள அடிமைகளின் வாய்க்கு. அதில்தான் அவர் வீட்டுக்குக் கண்ணாடிச் சன்னல் வந்தது, தேவாலயத்தில் முன்வரிசை இருக்கை வந்தது. பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டிய மறு ஆண்டு சட்டமன்ற இடமும் வந்தது. ராஜாவுக்கு நாம் அடிமைகள் இல்லை என்று ஊர்க்கூட்டத்தில் அவர் பேசியபோது தொப்பிகள் மேலே பறந்தன.

பின்னால் நின்று கேட்ட டைட்டஸ் அதை அப்படியே நம்பிவிட்டான். எல்கானாவுக்குப் பீப்பாய் செய்து தருபவன். அடிமையாயிருந்து, உழைத்துச் சேர்த்துத் தன் விடுதலையை வாங்கியவன். அவன் மனைவி டைனா இன்னும் சபை மூப்பர் ஹாஸ்கெலின் உடைமை. அவளைத் தீவுகளுக்கு விற்க மூப்பர் விலை பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் டைட்டஸ் ஒரு காகிதத்தோடு வந்தான்.

"யாரையும் கடல் தாண்டி விக்கக் கூடாதுன்னு சட்டம் கேட்டு எழுதியிருக்கோம்யா. பதினோரு பேர் கைநாட்டு. நீங்க சட்டமன்றத்துல எந்திரிச்சு வாசிச்சாப் போதும்."

வாசிப்பதாக எல்கானா கை கொடுத்தார். பாஸ்டனில், சட்டமன்றத்தில் எழுந்தும் நின்றார். பக்கத்து இருக்கைச் சர்க்கரை வியாபாரி அவர் அங்கியைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரும் ப்ரூயிட். அவங்களும் மனுசங்கதான்னு ஆயிட்டா, உம்ம மூணாந்தரத்தை யாருக்குய்யா விப்பீர்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்கானாவும் சிரித்தார். சன்னலைத் திறக்கச் சொல்லத்தான் எழுந்தேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

ஊர் திரும்பியபோது டைனாவை ஏற்றிய கப்பல் போய் இரண்டு நாளாகியிருந்தது. துறைமுகத்தில் டைட்டஸ் ஒரு பீப்பாய்க்கு வளையம் மாட்டிக்கொண்டிருந்தான். மன்றத்தில் நேரம் கிடைக்கவில்லை என்று எல்கானா தொடங்கினார். அவன் நிமிரவில்லை.

"வழியில அவளுக்குச் சாப்பாடு உங்க மீன்தான். பீப்பா நான் செஞ்சது. இறுக்கமாத்தான் இருக்கும்."

அந்தக் கப்பலுக்கென்று ஒதுக்கிய மீனை, பாஸ்டனுக்குப் புறப்படும் முன் தன் விரலாலேயே அழுத்திப் பார்த்திருந்தார் எல்கானா. அது எந்தத் தரம் என்று அவருக்குத் தெரியும். முகம் எரிந்தது. அதன்பின் அவர் மீனைத் தொடவில்லை. தரம் பிரிக்க ஆள் வைத்தார். விற்பதை நிறுத்தவில்லை. அவர் வெட்கம் அதுவரைதான் போயிற்று.

இன்னும் நான்கு முறை அவரையே தேர்ந்தெடுத்தார்கள். கல்லறையில் 'விடுதலையின் நண்பர்' என்று பொறித்தார்கள். அந்தக் காகிதம் கடைசிவரை அங்கிப் பையிலேயே கிடந்தது.

யாரோ நம்பிக் கொடுத்த மனு ஒன்று உங்கள் பையிலும் இருக்கலாம். பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். கப்பல் கிளம்புவதற்குள் எழுந்து நின்று அதை வாசியுங்கள்.