கம்பியூட்டருக்குள் ஓர் உபயம்

பிள்ளைகளே, உங்கள் பள்ளிக்கூடத்துக் கம்பியூட்டரில் தமிழ் வருகிறதே, அது கடையில் வாங்கியதல்ல. நீங்கள் சுங்கை வே மாமா என்று கூப்பிடும் என் நண்பர் எழுதிய புரோகிராம். பகலில் சுங்கை வே ஊரில் தொழிற்சாலை வேலை. மற்ற நேரமெல்லாம் இந்தத் தமிழ் வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது. முடித்து எல்லாத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் சும்மா கொடுக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

நான் லோரி ஓட்டுபவன். "என்ன தட்டட்டும் அண்ணே?" என்று அவர் முதன்முதலில் கேட்டபோது, அன்று லோடு ஏற்றிய ஊரின் பெயரைச் சொன்னேன். திரையில் 'மேரு' என்று பளிச்சென்று தமிழில் வந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஆனால் அந்தக் கம்பியூட்டர் இரவல். டியூஷன் நிலையம் நடத்திய ஒருவர் கொடுத்திருந்தார். பள்ளி விடுமுறை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார். வேலையோ பாதியில் நின்றது. சொந்தமாக ஒன்று வாங்க எங்கள் இருவர் சம்பளமும் காணாது.

"ஊர்கிட்ட கேட்போம்" என்றேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் சரக்கு இறக்கும் மளிகைக்கடைக்கு முதலில் போனோம். நண்பர் சட்டைப் பையிலிருந்து டிஸ்கெட்டை எடுத்து நீட்டினார். முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல தமிழ் எங்க லா இருக்கு?"

"உள்ள இருக்கு, முதலாளி."

"உள்ள இருக்கிறது கடவுள்தான்னு நெனைச்சேன். அவருக்கு டியூப் லைட் வாங்கிக் குடுத்தாகூட என் பேரை அதுல எழுதுறாங்க. இதுல எங்க எழுதுவே?"

அடுத்தடுத்த கடைகளிலும் இதே கதைதான். "இன்னைக்குச் சும்மாம்பீங்க, நாளைக்குக் கம்பெனி வச்சிருவீங்க" என்றார் ஒருவர். பாவப்பட்டுச் சில்லறை கொடுத்தவர்களும் உண்டு.

நண்பரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னேன். உங்கள் அம்மா சிரித்துவிட்டார்.

"முதலாளி கேட்டதுல என்ன தப்பு? லைட்ல உபயம்னு போடுற மாதிரி இதுலயும் போடுங்க. தொறக்கும்போது பேரு வரட்டுமே."

"இது என்ன கோயிலா, அண்ணி?" என்றார் நண்பர்.

"பிள்ளைங்க படிக்கிற இடம் அதைவிடக் கொறைச்சலா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே நண்பர் பெயர் வரும் பகுதியை எழுதி முடித்துவிட்டார்.

கிள்ளானில் ஒரு கோயில் திருவிழா வந்தது. கம்பியூட்டரைப் போர்வையில் சுற்றி லோரியில் ஏற்றிக்கொண்டு போனோம். மைக் செட் அண்ணன் தன் ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கொடுத்தார். வெகுநேரம் சின்னப் பிள்ளைகள் மட்டும் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பூ விற்கும் அக்கா ஒருவர் வந்து, நாங்கள் வைத்திருந்த டின்னில் காசு போட்டுத் தன் பெயரைச் சொன்னார். நண்பர் தட்டினார். 'உபயம்' என்ற எழுத்துக்குக் கீழே அக்காவின் பெயர் வந்தது.

"என் பேரை ஐசி அடையாள அட்டையில ஏபிசி எழுத்துலதான் பார்த்திருக்கேன். அழிச்சிராதீங்க, தம்பி."

"இனி அழியாது, அக்கா."

அவ்வளவுதான், கூட்டம் திரண்டுவிட்டது! பந்திங்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் கைக்குழந்தையின் கையாலும் காசு போட வைத்தது. "பாப்பாவும் குடுக்கிறா, பேரைப் போடுங்க!" நண்பருக்கு விரல் வலித்தது, முகத்திலோ அப்படியொரு சிரிப்பு.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு யாரோ வந்தார்கள். பார்த்தால், நம் மளிகைக்கடை முதலாளி!

"என் பேரு எல்லாருக்கும் மேல வரணும்" என்றார்.

"வந்த வரிசைதான், முதலாளி. பூக்கார அக்காதான் முதல்ல" என்றேன்.

திரையை ஒரு கணம் முறைத்தார். பிறகு பர்ஸை எடுத்தார். "சரி, கீழயே போடு. எழுத்தை மட்டும் கொஞ்சம் பெருசா போடு லா."

விடுமுறை முடிவதற்குள் இரவலைத் திருப்பிக் கொடுத்தோம். எங்களுடைய புதுக் கம்பியூட்டர் என் லோரியில்தான் வந்தது. அன்று நான் ஓட்டிய வேகத்துக்குச் சைக்கிள்காரன்கூட முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். குலுங்கிவிடக் கூடாதே!

வேலை முடிந்ததும் முதலில் உங்கள் பள்ளிக்குத்தான் கொடுத்தோம். மூத்தவன் அப்போது முதலாம் ஆண்டு. முதலாளியும் வந்திருந்தார். தலைமையாசிரியை கம்பியூட்டரில் அதைத் திறந்ததும் பெயர்கள் வரிசையாக ஓடின.

"நிப்பாட்டு லா! நான் இன்னும் என் பேரைப் படிக்கல!" என்று கத்தினார் முதலாளி.

தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே மறுபடி திறந்தார். இந்த முறை பிள்ளைகள் எல்லாரும் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்கள். முதலில் பூக்கார அக்காவின் பெயர். அந்தச் சத்தம் பக்கத்து வகுப்புவரை கேட்டது.