பி.யூ.சி. படித்த பச்சையப்பன்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர் சின்னசாமி. அவருடைய ஒரே மகன் பச்சையப்பன் வேலூரில் ஒரு கல்லூரியில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது, அந்த மூன்றெழுத்துக்கு அவர்கள் காலனியில் யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை. டாக்டர் படிப்பு என்று சிலர் சொல்லிக்கொண்டார்கள். சின்னசாமி திருத்தவில்லை.

அது 1958. கல்லூரியில் அந்த வருஷம் ஒரு புதுப் பாடம் வந்திருந்தது. பாட்டு, ஓவியம், நாடகம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி 'கூட்டுக்கலை' என்று பெயர் வைத்திருந்தார்கள். விஞ்ஞானம் படிக்கிறவர்களும் அதில் உட்கார்ந்தே ஆகவேண்டும். நடத்தியவர் ராஜகோபால். பையன்கள் தோளில் கை போட்டுப் பேசுகிற மனுஷர். ரசாயனம் நடத்திய ராமமூர்த்தி அப்படியில்லை. வகுப்பில் யாராவது ஒருவனை மட்டம் தட்டாமல் அவருக்குப் பாடம் ஓடாது.

ஹைட்ரஜன் சல்பைடு பாடம் வந்தது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு, கிப் கருவியில் தயாரிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"கருவி எதுக்குய்யா? நம்ம தோல் ஷாப்புப் பையன் இருக்கானே. டேய் பச்சையப்பா, எழுந்து முன்னால வா. எல்லாரும் வாடையைத் தெரிஞ்சுக்கட்டும்."

பச்சையப்பன் விடுதிக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவன் மேல் சோப்பு வாசனையைத் தவிர வேறெதுவும் இல்லை. அது ராமமூர்த்திக்கும் தெரியும். ஆனாலும் முன் பெஞ்சுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். மணி அடிக்கும்வரை அவன் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றான். அன்றிலிருந்து அவன் பெயர் 'கிப்பு'.

கூட்டுக்கலை வகுப்பில் மட்டும் அவனுக்கு மூச்சு விட முடிந்தது. "உனக்கு மேடைக் குரல்டா" என்றார் ராஜகோபால். கல்லூரி விழா நாடகத்தில் அரண்மனைச் சேவகன் வேஷமும் கொடுத்தார். எதிரிப் படை கோட்டை வாசலுக்கு வந்துவிட்ட செய்தியை ராஜாவிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த நாலு வரியைப் பாலாற்று மணலில் நடந்து நடந்து உருப்போட்டான். அப்பா அம்மாவுக்குக் கார்டு போட்டு வரச் சொன்னான்.

விழாவன்று சின்னசாமி இரவல் சட்டையில் வந்தார். வள்ளியம்மாள் கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள். கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார்கள்.

பச்சையப்பன் மேடைக்குள் நுழைந்து வாயைத் திறந்தான். அதே நேரம் பக்கத் திரைக்குப் பின்னால் கிப் கருவியின் குழாயை யாரோ திறந்துவிட்டார்கள். நாற்றம் குபீரென்று கிளம்பியது. ராஜா வேஷக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சேவகா! நீ எந்த ஷாப்பிலிருந்து வருகிறாய்?" என்றான். ஒத்திகையில் இல்லாத வசனம் அது. திரைக்குப் பின்னால் ராமமூர்த்தி நிற்பதும், அவர் தோளில் கை போட்டபடி ராஜகோபால் சிரிப்பதும் பச்சையப்பனுக்குத் தெரிந்தது. கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது.

நாற்றம் கடைசி வரிசைக்கும் போய்ச் சேர்ந்தது. சின்னசாமி தன் சட்டைக் கையை முகர்ந்தார். உள்ளங்கையை முகர்ந்தார். பிறகு மனைவியின் கையைப் பிடித்து எழுப்பி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு வெளியே நடந்தார். வழியில் இருந்தவர்கள் காலை மடக்கி ஒதுங்கிக்கொண்டார்கள்.

பச்சையப்பன் மேடையிலிருந்து குதித்து ஓடினான். கல்லூரிக் குழாயடியில் அப்பா முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நல்லாக் குளிச்சிட்டுத்தான்டா வந்தேன்" என்றார். "எப்டி வந்துச்சுன்னே தெரியல."

"உன் மேல ஒண்ணும் இல்லப்பா! அவங்க வேணும்னே கேஸைத் தொறந்து வுட்டாங்க. என்னைக் கேலி பண்றதுக்கு."

"இன்னாடா பேசற? படிச்சவங்க அப்டிப் பண்ணுவாங்களா?" சின்னசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னால உன் நாடகமே கெட்டுப்போச்சு. போயி வாத்தியார் கால்ல வுழுந்து மன்னிப்பு கேளு. நீ கேக்கலன்னா நான் போயி கேக்கறேன்."

அப்பா போய்க் கேட்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சேவகன் உடையோடு திரும்பிப் போனான். வாத்தியார்கள் இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிச்சிடுங்க சார்."

"பரவால்லடா" என்று ராஜகோபால் முதுகில் தட்டினார். "நீ குதிச்சு ஓடினே பாரு, அதான் பிரமாதம். ஜனங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

பி.யூ.சி.யில் தேறினான். ரசாயனத்தில் நல்ல மார்க்கு. பி.எஸ்ஸி. சேரச் சொல்லி வள்ளியம்மாள் அழுதாள். அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றுவிட்டான். அப்பா வேலை செய்துகொண்டிருந்த ஷாப்பிலேயே, தொட்டிகளில் மருந்து அளவு பார்க்கும் வேலை கிடைத்தது. மேஜை நாற்காலி உண்டு.

"படிச்ச பையன் நீ" என்றார் மேனேஜர் இஷ்தியாக் அகமது. "ஆளுங்ககிட்ட ஜாஸ்தி பேச்சு வெச்சிக்காத. அப்புறம் மதிக்கமாட்டானுங்க."

முதல் நாள் மேனேஜரோடு தொட்டிப் பக்கம் போனான். இடுப்பளவு சுண்ணாம்புத் தண்ணீரில் நின்ற சின்னசாமி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாங்க சார்" என்றார். மற்ற ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்பா" என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. மேனேஜர் பக்கத்தில் நின்றார்.

"தண்ணியக் கலக்கி வுடுங்க" என்று மட்டும் சொன்னான். மறுநாளும் அப்படியே ஆயிற்று. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

நாலு வருஷம் கழித்து ஒரு தொட்டித் தோல் முழுக்கப் பாழாயிற்று. மயிர் உதிர்க்கப் போடும் சல்பைடு மருந்து அதிகமாகி மேல்தோலைத் தின்றுவிட்டது. அளவு சொன்னவன் பச்சையப்பன்தான். முந்தின நாள் காய்ச்சலோடு வந்து தப்பாகச் சொல்லிவிட்டான்.

"எவன்டா கொட்டினது?" என்று மேனேஜர் கத்தினார்.

"நான்தான் சார்" என்று சின்னசாமி முன்னால் வந்தார். "சொன்னதுக்கு மேல ஜாஸ்தியாக் கொட்டிட்டேன்."

இஷ்தியாக் அகமது பச்சையப்பன் பக்கம் திரும்பினார். "அப்டியா?"

சின்னசாமி மகனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றான் பச்சையப்பன்.

அன்றைக்கே சின்னசாமியை நிறுத்திவிட்டார்கள். வள்ளியம்மாளிடம், "வயசாய்டுச்சு, போதும்னு வந்துட்டேன்" என்றார். மறுநாள் காலையில் மகனின் பாயருகே வந்து நின்றார்.

"ஷாப்புல சங்கு ஊதிட்டாங்க. எழுந்திருங்க."

பச்சையப்பன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். அதன்பிறகு சின்னசாமி சாகும்வரை அவனை வீட்டிலும் ஒருமையில் கூப்பிடவில்லை.